தூணுக்கு ஒரு தகரச் சட்டை

மனாமா, பஹ்ரைன்
3-2-1980

அன்புள்ள அம்சத்துக்கு,

சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்கவில்லை என்றாலும் கடிதம் இப்படித்தானே தொடங்க வேண்டும், அதனால் எழுதினேன்.

உன் கடிதம் பொங்கல் கழித்துத்தான் கைக்கு வந்தது. பண்ணைக் காரியக்காரர் முருகையன் உன்னைக் களத்துக்குக் கூப்பிட்டனுப்பியதையும், நம்மை வெளியேற்றச் சொல்லிப் பண்ணை கோர்ட்டில் மனுப் போடப்போவதாக அவர் சொன்னதையும் எழுதியிருந்தாய். நிலத்தை விட்டுவிடு, அம்சம். குத்தகைப் பதிவேட்டில் என் பெயர் ஏறிய அன்று நீடாமங்கலம் கடைத்தெருவில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அப்பா ஆயுசு முழுக்கக் கூலிக்கு இறங்கிய நிலம் அது. அதெல்லாம் எனக்கு மறந்துவிடவில்லை. ஆனால் இப்போது அதை யாருக்காக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது?

நம் பிள்ளை பொன்னுத்தாய் போன பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லை. இதையும் வருத்தமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். தந்தி வந்தது வெள்ளிக்கிழமை. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருந்தது, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மறுநாள் போய் நின்றபோது எங்கள் போர்மேன் லியாகத் அலி அண்ணனும் கூட வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். அரிசி ஆலையில் ப்ளோயருக்குத் தகரம் வளைத்துக்கொண்டிருந்த என்னை இங்கே கூட்டிவந்தவர் அவர்தான். "இனிமே போயி முகத்தைக்கூடப் பாக்க முடியாதேப்பா" என்றார். அவர் சொன்னது சரி. திரும்பி வந்து வேலை உடுப்பை மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஓர் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். தகரத்தைப் பெரிய பெட்டிபோல நீளமாகச் செய்து கூரைக்கு அடியில் தொங்கவிடுகிறோம். டக்ட் என்று பெயர். அதற்குள்தான் குளிர்காற்று ஓடும். நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்கிறது.

திருவையாற்றில் உன் அக்கா சாவித்திரி வீட்டுக்குப் போய்விடு. அங்கே வாழைத்தோட்டத்தில் வேலை இருக்கும், பேச்சுத்துணையும் இருக்கும். நான் இங்கே இன்னொரு ஒப்பந்தம் போட்டுவிடுகிறேன். யோசித்து எழுது.

தங்கையன்


கருவேலங்குடி
நீடாமங்கலம் வழி
27-2-1980

மாமாவுக்கு,

யோசிக்க ஒன்றும் இல்லை. நான் திருவையாற்றுக்குப் போகவில்லை. அக்கா வீட்டில் நாலு நாள் இருக்கலாம், ஐந்தாம் நாள் அவள் மாமியார் அடுப்படியைத் தனியாகக் காட்டுவாள். அது போகட்டும்.

மனுப் போட்டுவிட்டார்கள். மன்னார்குடி கோர்ட்டு. 'தங்கையன் என்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் சாகுபடி செய்யவில்லை, ஆகையால் குத்தகை ரத்து' என்று எழுதியிருக்கிறார்களாம். விவசாயச் சங்கத்து வக்கீல் சட்டத்தைப் படித்துக் காட்டினார். குத்தகைக்காரர் தன் உடம்பால் உழைக்க வேண்டும், அல்லது அவர் குடும்பத்தில் ஒருவர் உழைக்க வேண்டுமாம். குடும்பம் என்றால் நான்தானே. வேறு யார் மிச்சம்?

அதனால் இனி எல்லா வேலைக்கும் நானே இறங்குகிறேன். நாற்றுப் பறிக்கிறேன், நடுகிறேன், களையெடுக்கிறேன், வரப்பு வெட்டுகிறேன். மண்வெட்டி பிடித்தால் ஊரில் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அத்தனையும் சாட்சிதான் என்று வக்கீல் சொல்கிறார். உழுவதற்கு மட்டும் ஞானாம்பாள் வீட்டு மாட்டை இரவல் வாங்குகிறேன். பக்கத்து வீட்டில் அவள் ஒருத்தி இருப்பதால்தான் சமாளிக்கிறேன்.

மாநிலத்தில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்களாம், மறுபடியும் தேர்தலாம். எந்தக் கட்சி வேன் வந்தாலும் உழுதவனுக்கு நிலம் என்று மைக்கில் சொல்கிறது. எல்லா வேனிலும் டிரைவருக்குப் பக்கத்தில் முருகையன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எந்தக் கொடி போட்ட துண்டும் பொருந்துகிறது.

நிலம் போகிறது என்று எழுதினால் நீங்கள் தகரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்குத் தகரமும் வேண்டாம் காற்றும் வேண்டாம். நிலத்தை விடு என்று இன்னொரு தரம் எழுதாதீர்கள். அது போதும்.

அம்சவல்லி


மனாமா
20-3-1980

அன்புள்ள அம்சத்துக்கு,

தகரத்தை எழுதாதே என்கிறாய். எழுத எனக்கு வேறு என்ன இருக்கிறது? பொழுது விடிந்தால் அதன் அடியில் நிற்கிறேன். இன்றைக்கும் அதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் டக்ட் போகும் பாதையின் நடுவில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. வரைபடத்தில் அது இல்லை. மேலே ஆபரேஷன் அறை, கனமான இயந்திரங்கள் வரும் என்று கட்டடக்காரர்கள் பின்னால் நிறுத்திய தூண். அதை அசைக்கக் கூடாது, நறுக்கக் கூடாது. டக்டை ஒதுக்கிக் கொண்டுபோகலாம் என்றால் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் தண்ணீர்க் குழாய்கள். கீழே இறக்கலாம் என்றால் ஆளின் தலையில் இடிக்கும். ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

கடைசியில் லியாகத் அண்ணன் சொன்னார், தூண் டக்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. அந்த இடத்தில் மட்டும் டக்டை அகலமாக்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் காற்றுக்கு இரண்டு பக்கமும் வழி குறையாது. தூணைச் சும்மாவும் விடக் கூடாது. அதற்குத் தகரத்தில் ஒரு சட்டை தைத்து மாட்ட வேண்டும். ஒரு பக்கம் உருண்டை, மறு பக்கம் வால்போல நீண்டு கூர்மையாக முடியும். அப்படிச் செய்தால் காற்று சத்தம் போடாமல் போய்விடுமாம். இப்போது அந்தச் சட்டையை வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ இன்னொரு தரம் எழுதாதே என்றாய். எழுதுகிறேன். அந்த நிலம் நமக்கு வேண்டாம். நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறோம் என்று பண்ணை சொல்லிவிடக் கூடாது என்றுதானே அன்றைக்கு நீ நடவில் நின்றாய். நீ நட்டுக்கொண்டிருந்தபோதுதானே பிள்ளை மதகில் விழுந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. நிலத்தைத்தான் சொல்கிறேன். அது என் பிள்ளையை வாங்கிக்கொண்டது. அதில் விளைந்ததை என்னால் தின்ன முடியாது.

தங்கையன்


கருவேலங்குடி
12-4-1980

மாமாவுக்கு,

குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய வரியை நீங்களே ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

அன்று அவளுக்கு அவித்த கிழங்கு கொடுத்து மதகுக் கட்டையில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். இரண்டு பத்தி நட்டுவிட்டு நிமிர்ந்தேன். கிழங்கு கட்டை மேல் இருந்தது. இதற்குமேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. உங்களுக்கு நான் எழுதாமல் இருந்தது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை விடமாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் தின்ன வேண்டாம்.

அம்சவல்லி


மனாமா
30-6-1980

அம்சத்துக்கு,

நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. லியாகத் அண்ணன் சம்சாரம் கமருன்னிஸா அவருக்கு எழுதிய கடிதத்தில் உன்னை நீடாமங்கலம் ஸ்டேஷனில் பார்த்ததாகவும், இளைத்துப்போயிருப்பதாகவும் எழுதியிருந்தார்களாம். அவர் படித்துச் சொன்னார். நான் சரி என்றேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தூணுக்குச் சட்டை தைத்தோம் என்று எழுதினேன் அல்லவா? மாட்டிய அன்று வெள்ளிக்கிழமை ஓவர்டைம். லியாகத் அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கோஷ்டியில் இருந்த எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள், ஏர் பிடித்த கைகள். கூரான பக்கத்தை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. "ஏர்க்கொழு முன்னாடிதானே போவும், காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போவட்டும்" என்று ஒருவன் சொன்னான். எங்கள் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. காற்று வரும் பக்கம் கூர், போகும் பக்கம் உருண்டை என்று மாட்டி, ஆணி அடித்து, டக்டையும் மூடிவிட்டோம்.

போன வாரம் ஃபேன் போட்டுப் பார்த்தார்கள். கீழே நோயாளிகள் படுக்கப்போகிற கூடத்தில் நிற்க முடியவில்லை. ஊளை. இன்ஜினீயர் காதைப் பொத்திக்கொண்டார். லியாகத் அண்ணன் எங்களைப் பார்த்து, "நீங்க என்ன நாலு மா நெலம் உழவா வந்தீங்க? முன்னாடி முட்டுற காத்து சத்தம் போடாதுடா. தாண்டிப்போன காத்து சேர்றதுக்குத்தான் எடம் வேணும். அதுக்குத்தான்டா பின்னாடி வாலு" என்றார். எனக்கு அப்போதுதான் வெண்ணாற்றுப் பாலம் ஞாபகம் வந்தது. தூணுக்கு முன்னால் தண்ணீர் அமைதியாகத்தான் வரும், பின்னால்தான் சுழிக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், கைக்குத்தான் ஏர் ஞாபகம் வந்திருக்கிறது.

கோஷ்டியில் ஒல்லி நான். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு என்னை உள்ளே அனுப்பினார்கள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்ந்து போனேன். ஆணிகளைக் கழற்றி, சட்டையைத் திருப்பி மாட்டினேன். வேலை முடிந்தது. வெளியே வர வேண்டியதுதான். வரவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன். உள்ளே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தேன், அம்சம். வரவில்லை. வெளியே அண்ணன் தகரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அங்கே படுத்திருந்தபோது பொன்னுத்தாயை வைத்த இடத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். எனக்குத் தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தப்புறம் நம் சுடுகாட்டில் எந்தப் பக்கம்? அப்பாவை வைத்த பூவரசு மரத்தடியா, மேட்டுப் பக்கமா? இதுவரை நான் கேட்கவில்லை, நீயும் 'செய்ய வேண்டியதைச் செய்தோம்' என்று மட்டும் எழுதினாய். இடத்தைச் சொல். தெரிந்தால் நினைக்கவாவது ஒரு இடம் இருக்கும்.

தங்கையன்


கருவேலங்குடி
25-7-1980

மாமாவுக்கு,

நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். கேட்காதவரையில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சுடுகாட்டில் இல்லை. அன்றைக்கு அங்கே போக முடியவில்லை. குறுவை அறுப்புக் கூலிக்காகச் சங்கம் வேலையை நிறுத்தி நின்றது உங்களுக்குத் தெரியும். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது, கைகலப்பாகி, பாலத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது. நம் தெரு சுடுகாட்டுக்குப் போகிற வழி பண்ணைக் களத்தின் ஓரமாகத்தானே போகிறது. அதை முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். முள்ளுக்கு அந்தப்பக்கம் முருகையன் நின்றார். "ரெண்டு நாள் போவட்டும், பெரியவரு சொன்னாத்தான் தொறக்க முடியும்" என்றார். இரண்டு நாள் எதை வைத்துக்கொண்டு இருப்பது? மழை வேறு பிடித்துக்கொண்டது.

நம் நாற்றங்கால் மூலை மேடு, தண்ணீர் நிற்காது. ஞானாம்பாளும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அங்கே வைத்துவிட்டோம். ஆழமாகத்தான் வெட்டினார்கள். இவ்வளவுதான் நடந்தது.

அதன் பிறகு அந்த மூலையில் நான் ஏர் விடவில்லை. நாற்றை ஞானாம்பாள் வீட்டுக் கொல்லையில் விட்டுக்கொண்டேன். மாடு அங்கே வந்ததும் நான் கொம்பைப் பிடித்துத் திருப்பிவிடுவேன். நிலத்தை ஏன் விடமாட்டேன் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நிலம் என் பிள்ளையை வாங்கிக்கொண்டது என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது உங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

இப்போது வந்திருக்கிற ஆபத்தைக் கேளுங்கள். கோர்ட்டிலிருந்து தாசில்தாரை நேரில் வந்து பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசியில் வருவாராம். முருகையன் அந்த மூலையைக் காட்டுவார். 'பாருங்கள், தரிசாகப் போட்டிருக்கிறார்கள், இவர்களா சாகுபடி செய்கிறவர்கள்' என்பார். அங்கே பிள்ளையை வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லிவிடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, அதைச் சொன்னா கேஸ் அங்கேயே முடிஞ்சுது. குத்தகை நிலத்தைச் சாகுபடி இல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தினா வெளியேத்தலாம்னு சட்டத்திலேயே இருக்கு" என்றார். வழியை அடைத்தது யார் என்று எதிலும் எழுதியிருக்காதாம்.

தரிசு என்றாலும் போகும். உண்மையைச் சொன்னாலும் போகும். நிலம் பண்ணை கைக்குப் போனால் மறுநாளே டிராக்டர் இறங்கும். டிராக்டர் எவ்வளவு ஆழம் போகும் என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை.

நடுவில் ஒன்று நின்றால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எனக்கு எழுதினீர்களே. இப்போது எழுதுங்கள்.

அம்சவல்லி


மனாமா
20-9-1980

அம்சம்,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். லியாகத் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஏணி வேலைக்கு அனுப்பாமல் தரையிலேயே தகடு வெட்ட வைத்திருக்கிறார்.

நிலத்தை விடு என்று இனி எழுதமாட்டேன். அந்த இடம் தெரிந்திருந்தால் ஒரு தரம்கூட எழுதியிருக்கமாட்டேன். நிலம் வாங்கிக்கொண்டது என்று எழுதியதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைக்கிறேன். அதை எழுதிய கையின் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எடுக்க முடியாததை எடுக்கக் கூடாது. ஒதுங்கிப் போக இடம் இல்லை என்றால் அதை அப்படியே மொட்டையாக நிறுத்தியும் வைக்கக் கூடாது, மொட்டையாக நின்றால் எல்லாம் வந்து அதில்தான் மோதும். மூட வேண்டும். மற்ற இடமும் அந்த இடமும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

நட்டுவிடு, அம்சம். அந்த மூலையிலும் நட்டுவிடு.

ஏர் வேண்டாம். மண்வெட்டியும் வேண்டாம். தண்ணீர் கட்டி, மேல் மண் ஊறிய பிறகு, தழையைப் போட்டு மெதுவாகக் காலால் மிதித்தால் நாற்றுப் பிடிக்கிற அளவுக்குச் சேறு ஆகிவிடும். கூலிக்கு ஆள் வைக்காதே. வேறு யாரும் அங்கே மிதிக்க வேண்டாம். நான் வந்து மிதிக்க வேண்டும், இங்கே இருந்துகொண்டு உன்னை மிதிக்கச் சொல்கிறேன்.

தகரத்துக்குச் சொல்வதுபோலவே பிள்ளைக்கும் சொல்கிறேன் பார். எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. உள்ளே ஒன்றும் அசையமாட்டேன் என்கிறது.

தங்கையன்


கருவேலங்குடி
2-2-1981

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் எங்கோ சுற்றிக்கொண்டு ஒரு மாதம் தாமதமாக வந்தபோது தாசில்தார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் எழுதியதை அதற்கு முன்னமே நான் செய்துவிட்டேன். ஏர் வேண்டாம், காலால் மிதி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியேதான் செய்தேன். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் தப்பாக எழுதியிருந்தால் உங்களைத் திட்டியாவது இருப்பேன்.

எப்படி நடந்தது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். புரட்டாசியில் ஒரு நாள் காலையில் தண்ணீரை அந்த மூலைக்குத் திருப்பினேன். மேடு என்பதால் ஏறவில்லை, இறைகூடை போட்டு ஞானாம்பாளும் நானும் இறைத்தோம். பிறகு அவளை வரப்பில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். பூவரசந் தழையைப் போட்டு மிதித்தேன். முதலில் மண் கெட்டியாக இருந்தது, பிறகு கொடுத்தது. ஞானாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். மத்தியானத்துக்குள் நட்டு முடித்துவிட்டேன்.

தாசில்தார் ஐப்பசி பாதியில் வந்தார். கூட அவர் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், முருகையன், சங்கத்து வக்கீல். மழையில் அந்த மூலையிலும் தண்ணீர் கட்டி, பயிர் நன்றாகப் பச்சை பிடித்திருந்தது. தாசில்தார் வரப்பில் நடந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாரும்மா நட்டது?"

"நாந்தாங்க."

"முழுக்கவா?"

"முழுக்கத்தாங்க. பறிக்க மட்டும் பக்கத்து வூட்டு அக்கா வந்துச்சு."

என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அதோடு போயிருப்பார். முருகையன்தான் நாற்றங்கால் மூலையைக் கை காட்டி, "அங்க ஒரு பொதகுழி இருக்குதுங்க. சாகுபடி நெலத்துல பொணத்தைப் பொதைச்சு வச்சிருக்காங்க. ஊரு பூரா தெரியும்" என்றார்.

தாசில்தார் மூலைக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். எங்கே, எங்கே என்று இரண்டு தரம் கேட்டார். முருகையன் இங்கேயும் அங்கேயும் காட்டினார். எல்லாம் ஒரே பயிராக இருந்தது. "தண்ணி நிக்குது, பயிர் நிக்குது, நீங்க என்னத்தைக் காட்டுறீங்க?" என்று தாசில்தார் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர்தான், அதட்டவில்லை.

"நீ சொல்லும்மா. அப்படி எதாவது இங்க இருக்கா?"

வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். "அப்புடி ஒண்ணும் இல்லீங்க. நாத்துதான் நட்டுருக்கேன்."

"யாரையும் பொதைக்கலையா?"

"யாரும் இல்லீங்க."

அவள் காலடியில் இருக்க, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன், மாமா. தாசில்தார் அதையும் எழுதிக்கொண்டார்.

தையில் தீர்ப்பு வந்தது. பண்ணை மனு தள்ளுபடி. குத்தகை உங்கள் பெயரிலேயே நிற்கிறது. தெருவில் வெடி போட்டார்கள், சங்கத்துக்காரர்கள் எனக்கு மாலை போட வந்தார்கள். உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டேன். முருகையன் இப்போது என்னைப் பார்த்தால் வழி விட்டு நிற்கிறார். சுடுகாட்டு வழி முள்ளை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

கமருன்னிஸா அக்கா ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிகிறதாம், லியாகத் அண்ணன் பங்குனியில் ஊருக்கு வருகிறாராம். நீங்கள் வருகிறீர்களா, மறுபடி கையெழுத்துப் போடுகிறீர்களா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் வாருங்கள் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. எனக்கு இந்த வருஷம் எதுவும் வேண்டும் என்று தோன்றுவதில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. அறுப்பு முடிந்துவிட்டது. மற்றதை எல்லாம் ஆள் வைத்து அறுத்துக் களத்தில் அடித்துத் தூற்றியாகிவிட்டது. அந்த மூலையை மட்டும் நானே அறுத்தேன். அரிவாளைத் தாழப் போடாமல் கதிரை மட்டும் அறுத்தேன். வீட்டு வாசலில் வைத்துக் கையால் உதிர்த்தேன். மற்ற நெல்லோடு கலக்கவில்லை. ஒரு பானையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆக்கித் தின்ன முடியாது. விற்றால் யாரோ தின்பார்கள். விதைக்கு எடுத்தால் வயல் முழுக்கப் போய்விடும். கோழிக்குப் போடக் கை வரவில்லை. ஞானாம்பாளிடம் கேட்டேன், அவள் பானையைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள். இதை யாரிடமும் கேட்க முடியாது. அங்கே யாரும் இல்லை என்று ஊரறியச் சொன்னவள் நான்.

உங்கள் ஒருவரிடம்தான் கேட்கலாம். எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் வந்து பானையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் வரும்வரை அது மூடியே இருக்கும்.

அம்சவல்லி